ஆக்டிவ் டைரக்டரி படுத்துட்டா என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் சர்வர் ரூம் ஆளுங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஆக்டிவ் டைரக்டரியை, அதாவது கம்பெனியோட யூசர், பிசி, பர்மிஷன் எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்த்துக்கிற விண்டோஸ் சர்வர் வசதியை, பிடிச்சுக்கிட்டாங்க. ஒரே மாதிரி வந்த கேள்விங்களை சேர்த்துட்டேன், கம்பெனி பேர் எல்லாம் எடுத்துட்டேன், மத்தபடி நீங்க எழுதினதுதான்.

கேள்வி: சார், நான் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சிஸ்டம் அட்மின். புதுசா சேர்ந்த பையன் பழைய ஓயூவை (யூசர்ங்களை டிபார்ட்மென்ட் வாரியா போட்டு வைக்கிற ஃபோல்டர் மாதிரி) எல்லாம் கிளீன் பண்றேன்னு சொல்லி அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் ஓயூவையே தூக்கிட்டான், உள்ள இருந்த யூசர் மொத்தமும் காலி. அவசரத்துல அதே பேர்ல எல்லாரையும் திரும்ப கிரியேட் பண்ணோம். லாகின் ஆகுது, ஆனா ஃபைல் சர்வர்ல எதை தொட்டாலும் அக்ஸஸ் டினைட். டெஸ்க்டாப்பும் காலியா வருதுன்னு எல்லாரும் கத்துறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல இன்னும் யாரையாவது கிரியேட் பண்ணிட்டு இருந்தீங்கன்னா அதை நிறுத்துங்க. போன் மேல போன் வரும்போது கை தானா நியூ யூசருக்குத்தான் போகும், புரியுது, ஆனா விண்டோஸுக்கு பேர் ஒரு பொருட்டே இல்ல. ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் கிரியேட் ஆகும்போதே ஒரு எஸ்ஐடி நம்பர் ஒட்டிடும், ஃபோல்டர் பர்மிஷன் எல்லாம் அந்த நம்பர் மேலதான் எழுதியிருக்கும். ஃபைல் சர்வர்ல ஏதாவது ஒரு ஃபோல்டரோட செக்யூரிட்டி டேப் திறந்து பாருங்க, ஆள் பேர் இருந்த இடத்துல எஸ்-1-5-21-னு ஆரம்பிச்சு ஒரு நீள நம்பர் நிக்கும், அதுதான் செத்துப்போன பழைய அக்கவுன்ட். புதுசா போட்டது அதே பேர்ல வந்த வேற ஆள். டெஸ்க்டாப் காலியா வர்றதுக்கும் அதேதான் காரணம், அந்த பிசில யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போனா பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும், பக்கத்துலயே பேருக்கு பின்னாடி புள்ளி வச்சு டொமைன் பேரும் (உங்க கம்பெனி ஆக்டிவ் டைரக்டரிக்கு வச்ச பேர்) சேர்ந்து இன்னொரு ஃபோல்டர் உக்காந்திருக்கும். டேட்டா எங்கயும் போகல, பயப்படாதீங்க.

இப்ப பழைய அக்கவுன்ட்டை எழுப்பணும். ஆக்டிவ் டைரக்டரியோட ரீசைக்கிள் பின் (டெலீட் ஆனதை அப்படியே எடுத்து வைக்கிற வசதி) ஏற்கனவே ஆன்ல இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்துல இருந்து இந்த வசதி இருக்கு, ஆனா யாராவது ஆன் பண்ணாதான் உண்டு, நிறைய இடத்துல யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. ஆன்ல இருந்தா உங்களுக்கு இது அரை மணி நேர வேலை. நீங்க புதுசா போட்ட டூப்ளிகேட் யூசர்ங்க எல்லாத்துக்கும் லாகின் பேரை மாத்திவிடுங்க, இல்லன்னா ரீஸ்டோர் பண்ணும்போது பேர் மோதி எரர் வரும். அப்புறம் ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டர்ல டெலீட்டட் ஆப்ஜெக்ட்ஸ் போய் முதல்ல ஓயூவை ரீஸ்டோர் பண்ணுங்க, அதுக்கப்புறம்தான் உள்ள இருந்த யூசர்ங்க. அப்பா ஓயூ இல்லாம பிள்ளைங்க திரும்ப வராது, ஓயூக்குள்ள ஓயூ இருந்துச்சுன்னா மேல இருந்து கீழ ஒவ்வொரு லெவலா வரணும். பாஸ்வேர்ட், குரூப் மெம்பர்ஷிப், எஸ்ஐடி எல்லாம் பழையபடி வந்துடும்.

ஆன்ல இல்லன்னா தயவு செஞ்சு இப்ப ஆன் பண்ணிடாதீங்க! நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. ரீசைக்கிள் பின்னை ஆன் பண்ற அந்த நிமிஷமே அதுக்கு முன்னாடி டெலீட் ஆன அக்கவுன்ட்டோட மிச்சம் (டூம்ஸ்டோன்) எல்லாம் திரும்ப எழுப்பவே முடியாத நிலைக்கு போயிடும், இருக்குற கொஞ்ச நஞ்ச வழியையும் நீங்களே அடைச்ச மாதிரி ஆயிடும். ரீசைக்கிள் பின் இல்லாத டொமைன்ல டெலீட் ஆன யூசர் டூம்ஸ்டோனா மாறி உள்ளயே ஒளிஞ்சிருக்கும், எஸ்ஐடி மட்டும் பத்திரமா இருக்கும், பாஸ்வேர்ட் குரூப் டிபார்ட்மென்ட் எல்லாம் உரிச்சு எடுத்திருக்கும். அதை எழுப்பலாம், அப்புறம் குரூப் எல்லாம் கையாலதான் சேர்க்கணும், ஒரு டிபார்ட்மென்ட் அளவுன்னா செய்யக்கூடிய வேலைதான்.

முழுசா வேணும்னா சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்ல (ஆக்டிவ் டைரக்டரியும் சேர்ந்த விண்டோஸ் பேக்கப்) இருந்து ஆத்தரிடேட்டிவ் ரீஸ்டோர், அதாவது இதுதான் சரியான காப்பின்னு மத்த சர்வரையும் ஒத்துக்க வைக்கிற ரீஸ்டோர். ஒரு டொமைன் கன்ட்ரோலரை (சுருக்கமா டிசி, ஆக்டிவ் டைரக்டரியை வச்சு நடத்துற சர்வர்) டிஎஸ்ஆர்எம் மோடுல (டைரக்டரியை ஓட விடாம ரிப்பேர் பண்ற மோடு) பூட் பண்ணி, பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி, நார்மலா பூட் ஆக விடாம அப்படியே என்டிடிஎஸ்யூட்டில் கமாண்டை திறந்து அந்த ஒரு ஓயூவை மட்டும் ஆத்தரிடேட்டிவ்னு குறிக்கணும். குறிக்காம விட்டா என்ன ஆகும்னா டிசி எழுந்ததும் பக்கத்து டிசி வந்து "அந்த ஓயூ செத்துப்போச்சே, உனக்கு தெரியாதா"ன்னு சொல்லி திரும்ப டெலீட் பண்ணிடும். குறிச்சா அந்த ஆப்ஜெக்ட்டோட வெர்ஷன் நம்பர் பேக்கப் எத்தனை நாள் பழசோ நாளுக்கு 1,00,000 வீதம் எகிறும், அதனால மத்த டிசிங்க இதுதான் லேட்டஸ்ட்னு நம்பி வாங்கிக்கும். வேலை முடிஞ்சதும் என்டிடிஎஸ்யூட்டில் சில டெக்ஸ்ட் ஃபைலும் எல்டிஃப் ஃபைலும் விட்டுட்டு போகும், குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, குரூப் மெம்பர்ஷிப்பை சரி பண்ண அது வேணும்.

இன்னொன்னு, இது அடுத்த தடவைக்கு. பிராஞ்ச் ஆபீஸ்ல வேற சைட்டா ஒரு டிசி இருந்துச்சுன்னா ரெப்ளிகேஷன் (ஒரு டிசில பண்ற மாற்றம் மத்த டிசிக்கும் காப்பி ஆகுறது) அங்க போய்ச் சேர லேட்டாகும், டிஃபால்ட்டா 180 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான். டெலீட் ஆனது உடனே தெரிஞ்சுதுன்னா ரெப்அட்மின் கமாண்டால அந்த டிசிக்கு உள்ள வர்ற ரெப்ளிகேஷனை நிறுத்திட்டா போதும், ஓயூ அங்க உயிரோட இருக்கும், பேக்கப்பே இல்லாம அங்க இருந்தே ஆத்தரிடேட்டிவ் பண்ணி எல்லா இடத்துக்கும் அனுப்பிடலாம்.

அந்த பையனை ரொம்ப திட்டாதீங்க. ஓயூவை மவுஸால கிரியேட் பண்ணா தவறுதலா டெலீட் ஆகாம இருக்க ஒரு டிக் தானா விழுந்துடும். ஸ்கிரிப்ட்ல வேற மாதிரி போட்டிருந்தாலோ, எப்பவோ யாரோ ஓயூவை நகர்த்த அந்த டிக்கை எடுத்துட்டு திரும்ப போடாம விட்டிருந்தாலோதான் இப்படி நடக்கும், அந்த யாரோ அவன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்களாத்தான் இருக்கும்.

கேள்வி: எங்க டிசி ஒரு விஎம் (சாஃப்ட்வேருக்குள்ள ஓடுற வர்ச்சுவல் சர்வர்). பேட்ச் போடுறதுக்கு முன்னாடி அது இருந்த நிலைமையை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்தோம், பேட்ச் சொதப்பினதால ரெண்டு நாள் கழிச்சு ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்ப போயிட்டோம். டிசி ஜம்முன்னு எழுந்துடுச்சு. ஆனா அன்னைலேர்ந்து இதுல போடுற புது யூசர் இன்னொரு டிசில தெரியவே மாட்டேங்குது. லாகினை பார்த்துக்கிற நெட்லாகன் சர்வீஸ் வேற பாஸ்டுன்னு நிக்குது, ஸ்டார்ட் பண்ணா மறுபடி அப்படியே. ரீபூட் பண்ணி பார்த்துட்டோம்.

பதில்: டைரக்டரி சர்வீஸ் ஈவென்ட் லாக்ல 2095 இருக்கான்னு பாருங்க. இருந்தா இது யூஎஸ்என் ரோல்பேக், ரீபூட்டுக்கெல்லாம் மசியாது.

ஒவ்வொரு டிசியும் தான் பண்ற மாற்றத்துக்கு ஏறுவரிசையில ஒரு நம்பர் (அதுதான் யூஎஸ்என்) போட்டுட்டே போகும், மத்த டிசிங்க "இவன்கிட்ட 50,000 வரைக்கும் வாங்கிட்டேன்"னு குறிச்சு வச்சுக்கும். நீங்க ஸ்னாப்ஷாட்டுக்கு போனதும் உங்க டிசி 40,000ல நின்னுக்கிட்டு புது யூசருக்கு 40,001 போடுது. பக்கத்து டிசி அதை பார்த்து "இதெல்லாம் எப்பவோ வாங்கினதுதான்"னு கண்டுக்காம விட்டுடும். எரர் கூட வராது, அதான் இதுல மோசம். இதை விட ஆபத்து என்னன்னா ரிட் பூலும் (எஸ்ஐடி கடைசில ஒட்டுற நம்பரோட ஸ்டாக்) பழசுக்கு போயிடுறதால ரெண்டு வேற ஆளுங்களுக்கு ஒரே எஸ்ஐடி விழ வாய்ப்பு இருக்கு, அப்புறம் யாரோட ஃபைலை யார் திறக்கிறாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இந்த குளறுபடி வரக்கூடாதுன்னுதான் விண்டோஸே ரெப்ளிகேஷனையும் நெட்லாகனையும் நிறுத்தி வச்சிருக்கு. ரெஜிஸ்ட்ரில ஒரு வேல்யூவை டெலீட் பண்ணா சரியாயிடும்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, அது நோயை மறைக்கிற வேலை.

இன்னொரு டிசி நல்லா இருக்கு இல்லையா, அதனால கவலை இல்ல. கெட்டுப்போனதை ஃபோர்ஸா டிமோட் பண்ணுங்க (டிசி வேலையில இருந்து இறக்குறது), நல்ல டிசில மெட்டாடேட்டா கிளீனப் (அந்த டிசியோட பழைய பதிவை எல்லாம் துடைக்கிறது) பண்ணுங்க, திரும்ப புதுசா டிசியா புரமோட் பண்ணுங்க. திரும்ப போனதுக்கப்புறம் இதுல மட்டும் போட்ட யூசர், மாத்தின பாஸ்வேர்ட் எல்லாம் போகும், அதை முன்னாடியே லிஸ்ட் எடுத்து வச்சுக்குங்க.

சர்வர் 2012ல இருந்து விஎம் ஜெனரேஷன் ஐடின்னு ஒன்னு வந்துச்சு, ஹைப்பர்வைசரும் (விஎம்மை ஓட்டுற சாஃப்ட்வேர்) அதை சப்போர்ட் பண்ணா ஸ்னாப்ஷாட்டுக்கு போனதை டிசியே கண்டுபிடிச்சு தன்னை சரி பண்ணிக்கும். உங்களுக்கு அது வேலை செய்யலன்னா ஒன்னு ஹைப்பர்வைசர் ரொம்ப பழசு, இல்லன்னா ஸ்னாப்ஷாட் மெனு வழியா போகாம டிஸ்க் ஃபைலை மட்டும் எடுத்து பழையதை மேல காப்பி பண்ணியிருப்பீங்க. எது எப்படியோ, டிசிக்கு ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது.

கேள்வி: டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டுன்னு ஒரு பிசில வருது. டொமைன்ல இருந்து எடுத்துட்டு திரும்ப ஜாயின் பண்ணா சரியாகுது, வேற சுருக்கமான வழி இருக்கா?

பதில்: இருக்கு. யூசருக்கு பாஸ்வேர்ட் இருக்குற மாதிரி பிசிக்கும் டொமைன்ல ஒரு பாஸ்வேர்ட் உண்டு, 30 நாளைக்கு ஒரு தடவை பிசியே மாத்திக்கும். அந்த பிசில சிஸ்டம் ரீஸ்டோர் ஓடியிருந்தாலோ பழைய இமேஜ் போட்டிருந்தாலோ ரெண்டு பக்கமும் பாஸ்வேர்ட் பொருந்தாது. லோக்கல் அட்மின்ல உள்ள போய் பவர்ஷெல்ல டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கமாண்டை ரிப்பேர் ஆப்ஷனோட, டொமைன் அட்மின் கிரெடென்ஷியல் கொடுத்து ஓட்டுங்க. ரீஜாயின் தேவையில்ல.

லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியலையா, நெட்வொர்க் கேபிளை பிடுங்கிட்டு அந்த பிசில முன்னாடி லாகின் பண்ணின டொமைன் அக்கவுன்ட்ல உள்ள போங்க. கடைசியா லாகின் பண்ணின 10 பேரோட விவரத்தை டிஃபால்ட்டா அது ஞாபகம் வச்சிருக்கும். அந்த அக்கவுன்ட்டுக்கு அந்த பிசில அட்மின் உரிமை இருந்தா கேபிளை மாட்டிட்டு அதே கமாண்ட்தான்.

கேள்வி: அண்ணே, முதல்ல போட்ட டிசியோட மதர்போர்டு போயிடுச்சு, பழைய மாடல்ங்கறதால பார்ட்ஸ் கிடைக்கல. ரெண்டாவது டிசி ஓடுது, எல்லாரும் லாகின் ஆகுறாங்க. இப்படியே விட்டுடலாமா?

பதில்: விடக்கூடாது தம்பி. லாகின் ஆகுதுன்னு ஏமாந்துடாதீங்க, அஞ்சு எஃப்எஸ்எம்ஓ ரோலும் (ஒரு நேரத்துல ஒரே ஒரு டிசி மட்டும் பண்ற தனி வேலைங்க) செத்துப்போன டிசி பேர்லயேதான் இருக்கும், நெட்டாம் கொரி எஃப்எஸ்எம்ஓன்னு கமாண்ட் கொடுத்தா தெரியும். எஸ்ஐடிக்கு நம்பர் ஸ்டாக் கொடுக்கிற ரிட் மாஸ்டர் இல்லாம கையில இருக்குற நம்பர் தீர்ந்ததும் புது யூசர் போட முடியாது. கடிகாரத்தை பார்த்துக்கிற பிடிசி எமுலேட்டர் இல்லன்னா நேரம் மெல்ல மெல்ல தப்பும், பிசிக்கும் டிசிக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா லாகினை சரிபார்க்கிற கெர்பரோஸ் கதவை சாத்திடும்.

ரோலை எல்லாம் சீஸ் பண்ணிடுங்க, அதாவது செத்த டிசியை கேக்காம ரெண்டாவது டிசிக்கு பிடுங்கிக்குங்க, பவர்ஷெல்ல ஃபோர்ஸ் ஆப்ஷன் இருக்கு. சீஸ் பண்ணதுக்கப்புறம் யாராவது எங்கயாவது மதர்போர்டு வாங்கிட்டு வந்து பழைய டிசிக்கு உயிர் கொடுத்தாலும் நெட்வொர்க்ல மாட்டவே கூடாது, ஃபார்மட் பண்ணிட்டுத்தான் தொடணும். அடுத்து யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்ல டொமைன் கன்ட்ரோலர்ஸ் ஓயூக்குள்ள போய் செத்த டிசியை டெலீட் பண்ணுங்க, சர்வர் 2008ல இருந்து அதுவே மெட்டாடேட்டா கிளீனப்பையும் பண்ணிடும். டிஎன்எஸ்ல (பேரை ஐபி நம்பரா மாத்திக் கொடுக்கிற சர்வீஸ்) அதோட பழைய ரெக்கார்ட் ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை கையால எடுத்துடுங்க. பிசிங்களுக்கு ஐபி கொடுக்கிற டிஎச்சிபில அந்த டிசியோட ஐபியை டிஎன்எஸ்ஸா கொடுத்திருந்தா அதையும் மாத்தணும், இதை மறந்துட்டுத்தான் "நெட் ஸ்லோ"ன்னு ஒரு வாரம் தேடுவாங்க. கடைசியா இன்னொரு டிசி போடுங்க, ஒத்த டிசில டொமைன் ஓட்டுறது தலைவலிய விலை கொடுத்து வாங்குறது.

கேள்வி: எங்களுக்கு நாலு ஊர்ல நாலு டிசி இருக்கு, ஒன்னு போனா இன்னொன்னு இருக்குன்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. பேக்கப் சாஃப்ட்வேருக்கு பட்ஜெட் கேட்டா தர மாட்டேங்குறாங்க. எப்படி புரிய வைக்கிறது?

பதில்: மேர்ஸ்க் கதையை சொல்லுங்க. உலகத்துலயே பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிங்கள்ல ஒன்னு. 2017 ஜூன் 27 அன்னைக்கு நாட்பெட்யாங்குற மால்வேர் அவங்க நெட்வொர்க்ல புகுந்து கண்ணுல பட்டதை எல்லாம் துடைச்சுடுச்சு. அவங்ககிட்ட உலகம் பூரா சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர் இருந்துச்சு, உங்க மேனேஜ்மென்ட் சொல்ற அதே கணக்குதான், ஒன்னுக்கு ஒன்னு பேக்கப். எல்லாம் ஒரே நேரத்துல போகும்னு யாரும் நினைக்கல, போச்சு. மத்த சர்வருக்கெல்லாம் பேக்கப் கிடைச்சுது, டிசிக்கு மட்டும் கிடைக்கல, டிசி இல்லாம மத்ததை எழுப்பி என்ன பண்றது? கடைசில கானா ஆபீஸ்ல ஒரே ஒரு டிசி தப்பிச்சிருந்துச்சு, அட்டாக் நடந்த நேரத்துல அங்க கரண்ட் இல்ல! லைன் ஸ்பீடு பத்தாம நெட்ல அனுப்ப முடியல, கானா ஆளுங்களுக்கு பிரிட்டன் விசா இல்ல, அதனால ஒருத்தர் நைஜீரியா வரைக்கும் பறந்து ஏர்போர்ட்ல இன்னொருத்தர் கையில ஹார்ட் டிஸ்க்கை கொடுத்து அவர் இங்கிலாந்துக்கு கொண்டுபோய் சேர்த்தாரு. அப்புறம் 10 நாள்ல 4,000 சர்வர், 45,000 பிசி திரும்ப போட்டோம்னு அவங்க சேர்மனே 2018ல டாவோஸ் மேடையில சொன்னாரு. நஷ்டம் 25 கோடியில இருந்து 30 கோடி டாலர்னு கணக்கு. உங்க ஊர்ல கரண்ட் கட்டை நம்பி பிசினஸ் பண்ணலாமான்னு மேனேஜரை கேளுங்க.

நாலு டிசி இருக்குறது ஹார்ட்வேர் செத்தா காப்பாத்தும். யாராவது தப்பா டெலீட் பண்ணா அந்த டெலீட்டும் நாலு ஊருக்கும் சமத்தா ரெப்ளிகேட் ஆகும், முதல் கேள்வில பார்த்தோமே.

பட்ஜெட் இல்லன்னா பரவால்ல, விண்டோஸ் சர்வர் பேக்கப் லைசென்ஸோடயே வருது, டபிள்யூபிஅட்மின் கமாண்டால தினமும் சிஸ்டம் ஸ்டேட் எடுக்கலாம். டொமைனுக்கு ரெண்டு டிசிலயாவது எடுங்க. ஒரு காப்பி நெட்வொர்க்ல ஒட்டாத டிஸ்க்ல இருக்கணும், வாரத்துக்கு ஒரு தடவை மாட்டி காப்பி பண்ணிட்டு கழட்டி பீரோல வைக்கிற யூஎஸ்பி டிஸ்க் கூட போதும். பழைய பேக்கப்பை வருஷக்கணக்கா சேர்த்து வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, டூம்ஸ்டோன் லைஃப்டைம் (டெலீட் ஆனதோட மிச்சத்தை டைரக்டரி வச்சிருக்கிற காலம்) தாண்டினா அந்த பேக்கப் செல்லாது. சர்வர் 2003 எஸ்பி1க்கு அப்புறம் புதுசா ஆரம்பிச்ச ஃபாரஸ்ட்டுக்கு (டொமைன் எல்லாம் சேர்ந்த மொத்த ஆக்டிவ் டைரக்டரி) அது 180 நாள். விண்டோஸ் 2000 சர்வர் காலத்துல ஆரம்பிச்சு அப்கிரேட் பண்ணிட்டே வந்த பழைய டொமைன்ல இன்னும் 60 நாளாவே இருக்கும், செக் பண்ணிக்குங்க.

பேக்கப் இருந்தும் ரீஸ்டோர் பண்ண முடியாம முழிக்கிற இடங்கள்ல காரணம் அனேகமா இதுதான்: பேக்கப் சர்வரே டொமைன்ல ஜாயின் ஆகியிருக்கும், டொமைன் செத்தா அதுக்குள்ள லாகின் பண்ண முடியாது. டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட் டிசியை புரமோட் பண்ண அன்னைக்கு யாரோ போட்டது, அந்த யாரோ வேலையை விட்டு வருஷக்கணக்காகும். இதை இன்னைக்கே மாத்தலாம், டிசி ஓடிட்டு இருக்கும்போதே என்டிடிஎஸ்யூட்டில்ல செட் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட்னு இருக்கு, ரெண்டு நிமிஷம். மாத்தி பேப்பர்ல எழுதி கவர்ல போட்டு ஃபைனான்ஸ் லாக்கர்ல வைங்க, கூடவே டிசி ஐபி, ஹைப்பர்வைசர் லோக்கல் பாஸ்வேர்ட், பிட்லாக்கர் கீ எல்லாம். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை தானா மாத்தி வைக்கிற விண்டோஸ் லாப்ஸ் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டையும் பார்த்துக்கும்னு சிலர் சொல்றாங்க, உண்மைதான், ஆனா அதை எடுத்து வைக்கிற இடம் அதே ஆக்டிவ் டைரக்டரி. டைரக்டரி செத்துக் கிடக்கும்போது எங்க போய் தேடுவீங்க?

ரான்சம்வேர் மாதிரி வந்து ஃபாரஸ்ட்டையே ரீஸ்டோர் பண்ணீங்கன்னா கெர்பரோஸ் லாகின் டிக்கெட்டுக்கு முத்திரை போடுற கேஆர்பிடிஜிடி அக்கவுன்ட் பாஸ்வேர்டை ரெண்டு தடவை ரீசெட் பண்ணணும். பழைய பாஸ்வேர்ட் ஒன்னையும் அது ஞாபகம் வச்சிருக்கும், ஒரு தடவை மட்டும் மாத்தினா உள்ள வந்தவன் கையில இருக்குற கோல்டன் டிக்கெட் (அந்த பாஸ்வேர்டை வச்சு செஞ்ச போலி டிக்கெட்) இன்னும் செல்லும். ஓடிட்டு இருக்குற டொமைன்ல இதை பண்ணா ரெண்டுக்கும் நடுவுல 10 மணி நேரத்துக்கு மேல விடுங்க.

கேள்வி: ஒரே ஒரு மேடம் அக்கவுன்ட் மட்டும் தினமும் லாக் ஆகுது. அன்லாக் பண்ணா அரை மணில திரும்ப லாக். அவங்க பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

பதில்: பிடிசி எமுலேட்டர் டிசியோட செக்யூரிட்டி லாக்ல 4740 ஈவென்ட்டை தேடுங்க, காலர் கம்ப்யூட்டர் நேம்னு எந்த மெஷின்ல இருந்து தப்பு பாஸ்வேர்ட் வருதுன்னு பேரோட போட்டிருக்கும். மெயில் சர்வர் பேர் வந்தா மேடம் வீட்ல இருக்குற பழைய போனோ டேப்லெட்டோதான், பழைய பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு விடாம தட்டிட்டு இருக்கும். ஏதாவது சர்வர் பேர் வந்தா என்னைக்கோ ரிமோட் டெஸ்க்டாப்ல போய் லாகாஃப் பண்ணாம குளோஸ் பண்ணிட்டு வந்திருப்பாங்க.

கேள்வி: டிசில டிஎன்எஸ் 8.8.8.8 போட்டா தப்பா? நெட் ஃபாஸ்ட்டா இருக்கு.

பதில்: தப்பு. 8.8.8.8 கூகுளோட டிஎன்எஸ், உங்க டொமைன் எங்க இருக்குன்னு கூகுளுக்கு எப்படி தெரியும்? டிசில இன்னொரு டிசியோட ஐபி முதல்ல, தன்னோடது அடுத்து. பிசிங்க எல்லாத்துக்கும் டிசி மட்டும்தான், ரெண்டாவது டிஎன்எஸ்ஸா கூட ரௌட்டரை போடாதீங்க. 8.8.8.8ஐ டிஎன்எஸ் சர்வரோட ஃபார்வர்டர்ஸ் டேப்ல (தனக்கு தெரியாத பேரை யார்கிட்ட கேக்கணும்னு சொல்ற இடம்) போடுங்க, அதுக்கான இடம் அதுதான்.